வாசலில் வந்து நின்ற ஆமி

வளைகுடா நகரொன்றில், தேராக் கரைக்குப் போகும் அப்ராப் படகில் என் பக்கத்தில் அக்காளும் தங்கையும், பேச்சில் யாழ்ப்பாணம். அக்காள் கனடாவிலிருந்து வந்தவர். அவருடைய மகன் அந்த நாட்டு ராணுவத்தில் சேர்ந்து, இப்போது குவைத்தில் இருக்கிறானாம்; நாளை விடுமுறையில் இங்கே சித்தி வீட்டுக்கு வருகிறானாம்.

“நாளைக்கு வரேக்க யூனிஃபோமோட வரவேண்டாம் எண்டு அவனுக்குச் சொல்லிப்போடு.”

“லீவில வாற பெடியன் ஏன் அக்கா யூனிஃபோம் போடுறான்? அவன் கனடா ஆமி. எங்கட வீட்டுக்குள்ள வந்த ஆமி இல்லை.”

“தெரியும். ட்ரெயினிங் முடிஞ்ச கையோட, சொல்லாமல் கொள்ளாமல் டொரொண்டோ வீட்டு வாசல்ல வந்து நிண்டவன். கதவைத் திறந்தன். பச்சை உடுப்பும் சப்பாத்தும்தான் கண்ணில பட்டது. மகளைப் பாத்து, ‘பின்பக்கத்தால ஓடடி’ எண்டு கத்தினன்.”

“ஓடினவளோ?”

“அவள் அங்க பிறந்தவள். ஏன் ஓடவேணும் எண்டு என்னையே கேக்கிறாள்.”

படகு கரையைத் தொட்டது. எல்லோரும் எழுந்தார்கள். தங்கை எழவில்லை, நானும்தான்.

“அவன் என்ன செய்தவன் அக்கா?”

“என்ர பிள்ளை, அந்தப் பனிக்குள்ள ரெண்டு கையையும் மேல தூக்கிக்கொண்டு, ‘அம்மா, நான்தான்’ எண்டு சொல்லிக்கொண்டு நிண்டவன்.”