இரண்டாவது வாக்குமூலம்

— இதை நீயாம்மா எழுதின?

— ஆமா சார். நேத்து ஆஸ்பத்திரிக்குப் போய், மெஷின்ல கை நசுங்கின பாட்டுக்காரர் அண்ணன் சொல்லச் சொல்ல எழுதிட்டு வந்தேன்.

— அவர் சொன்னதை எவன் கேட்டான்? நடந்ததை எழுதச் சொன்னேன்.

— நடந்ததைத்தானே சார் சொன்னாரு? தகடு அமுக்கற பிரஸ் மெஷினுக்கு முன்னாடி பாதுகாப்பு மூடியே இல்லையாம். ஒரு மாசமா இல்லையாம்.

— மெதுவாப் பேசு. கதவைச் சாத்து முதல்ல. சாத்திட்டியா? உக்காரு. இங்க பாரும்மா, நீ படிக்கற பொண்ணு. அரசு கல்லூரி, மூணாவது வருஷம், மனிதவள மேலாண்மை. ஆறு வாரப் பயிற்சியில இன்னும் நாலு நாள்தான் பாக்கி. உன் சர்டிபிகேட்ல கையெழுத்துப் போடப் போறது நான். புரியுதா?

— புரியுது சார்.

— அப்ப இதைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுது. கையுறை போடல, கவனக்குறைவு. ரெண்டே வரி. சாயங்காலத்துக்குள்ள அவர்கிட்ட கையெழுத்து வாங்கிடு.

— கையுறை போட்டிருந்தாரு சார். நர்ஸ் அதைக் கத்தரிக்கோலால வெட்டித்தான் எடுத்தாங்களாம்.

— உன்னை வக்கீல் வேலைக்கா அனுப்பினாங்க?

— இல்ல சார். ஆனா தொழிலாளி சொல்றதைக் காது கொடுத்துக் கேக்கறதுதான் பாதிப் படிப்புன்னு எங்க மேடம் சொல்வாங்க.

— சொல்வாங்க, சொல்வாங்க. நானும் அதே மாதிரி பெஞ்சுல உக்காந்து, இதையெல்லாம் பரீட்சையில எழுதி முதல் வகுப்பு வாங்கினவன்தான். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் காதுக்குப் போனா ஷெட்டையே இழுத்து மூடிடுவாங்க. முந்நூறு குடும்பம் தெருவுல நிக்கும். நீ வந்து சோறு போடுவியா?

— பயமா இருக்கு சார். இப்பவே எங்கம்மா தெரு முழுக்க என்னை மேனேஜராக்கி வச்சிருக்காங்க. டிகிரி இல்லாம வீட்டுக்குள்ள கால் வைக்க முடியாது.

— அந்தப் பயம் இருக்கில்ல? இந்தா பேனா.

— எழுதறேன்னே வச்சுக்குங்க. அவர்கிட்ட கையெழுத்து எப்படி சார் வாங்கறது?

— பக்கத்துல நின்னு, 'அண்ணே, இங்க ஒரு கையெழுத்து'ன்னு நீட்டு. பாட்டுக்காரர், பாடிட்டே வேலை செய்யற நல்ல மனுஷன். எதுன்னு கேக்காமலே போடுவாரு.

— எந்தக் கையில சார்?

— என்னது?

— வலது கையில கட்டைவிரல் மட்டும்தான் சார் மிச்சம். நீங்க இன்னும் போய்ப் பாக்கலையா?

— ரெண்டு விரல்னுதானே சொன்னாங்க!

— நேத்துக் காலையில மறுபடி ஆபரேஷன் பண்ணி மத்த ரெண்டையும் எடுத்துட்டாங்க. என்னைப் பாத்ததும் உங்களைத்தான் சார் விசாரிச்சாரு. 'என்னால சாருக்கு மேலிடத்துல திட்டு விழுந்துச்சா பாப்பா?'ன்னாரு.

— அப்படியா கேட்டாரு?

— அழுதுட்டே கேட்டாரு. சார்... தண்ணி கொண்டு வரவா?

— வேண்டாம். நீ எழுதினதைக் கிழிக்காத, ஃபைல்ல வை. புதுத் தாள் ஒண்ணு எடு.

— மன்னிச்சிடுங்க சார். சர்டிபிகேட் போனாலும் பரவாயில்ல, நான் மாத்தி எழுத மாட்டேன்.

— அவர் சொன்னதை மாத்த வேண்டாம்மா. இது என் வாக்குமூலம். எழுது: 'மூடி இருந்தா வேலை மெதுவாகுது, கழட்டிடுங்கன்னு போன மாசம் உத்தரவு போட்டது நான்.'