பள்ளிக் குடிநீர்: நிறம் மாறாது

எனக்குக் கறுப்பு ஆகாது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது, ஐயா. அது உண்மையில்லை. என் குடை கறுப்பு, செருப்பு கறுப்பு, நானும் அப்படியொன்றும் சிவப்பில்லை. கறுக்கக் கூடாத பாட்டில் கறுத்தால் மட்டும்தான் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

அந்த ஸ்டூல் ஆடும், பார்த்து உட்காருங்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். மறைக்க என்னிடம் எதுவும் இல்லை.

அறிவியல் ஆசிரியருக்கு என்ன வேலை என்று பலருக்குத் தெரியாது. புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிக்கொடுப்பது பாதி வேலை. அதே மேசைமேலும் நடக்கும்படி பார்த்துக்கொள்வது மீதிப் பாதி. வெயிலில் வைத்த செடி வாடிப்போய்க் கிடக்கும். இருட்டில் வைத்தது "என்ன சார், சௌக்கியமா?" என்று கேட்கிற மாதிரி நிற்கும். அப்போது நாம் கலங்கக் கூடாது. இடைவேளையில் இரண்டு தொட்டிகளின் சீட்டையும் மாற்றி ஒட்டிவிட்டால் தீர்ந்தது. தேர்வில் செடியா வந்து விடைத்தாள் திருத்தப் போகிறது?

விடை விசித்திரமாக வந்தால், "சோதனைக் குழாயைக் கழுவிட்டு மறுபடி செய்" என்பேன். அப்படியும் வந்தால் மறுபடியும் கழுவச் சொல்வேன். அதற்கு மேலும் அடம்பிடித்தால் நானே வாங்கிக் கழுவிவிடுவேன். நான் கழுவினால் சரியாக வந்துவிடும். இத்தனை வருடங்களில் என் வகுப்பில் ஒரு சோதனைகூடத் தோற்றதில்லை.

அதனால்தான் ஹெச்.எம். மேடத்துக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. இந்தச் சுவரைப் பாருங்கள். சோதனைகளின் முடிவுகளையெல்லாம் பெயிண்டரைக் கூப்பிட்டு எழுதவைத்தது அவர்தான். பிள்ளைகள் முடிவை முதலில் பார்த்துக்கொண்டு சோதனையைப் பிறகு செய்தால் குழப்பம் வராது என்பது அவர் யோசனை. நல்ல யோசனை என்று நானும் சொன்னேன். கீழே கடைசி வரியைப் படியுங்கள். "குட்டை நீர்: கறுக்கும். பள்ளிக் குடிநீர்: நிறம் மாறாது." நீலப் பெயிண்ட், மேலே வார்னிஷ். ஈரத்துணி போட்டுத் துடைத்தாலும் போகாது.

சோதனை ரொம்ப எளிது. சின்ன பாட்டில், உள்ளே மருந்து தடவிய காகிதம். தண்ணீரை ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். கழிவு கலந்த தண்ணீர் என்றால் கறுத்துவிடும். நல்ல தண்ணீர் அப்படியே இருக்கும்.

பள்ளிக் குழாய்த் தண்ணீர் பாட்டிலை முதலில் தூக்கிக் காட்டியது வாலு. என் அக்கா மகள். நான் கல்யாணம் ஆகாதவன், அக்கா வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். அவள் பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்தவன் நான். அவள்மேல் எனக்கு உயிர், ஐயா. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"சார், நம்ம பள்ளிக்கூடத் தண்ணி குட்டைத் தண்ணியவிடக் கறுப்பா இருக்கு."

"கை கழுவினியா?"

"கழுவினேன் சார். அதே குழாய்லதான் கழுவினேன்."

வகுப்பு சிரித்தது. எனக்கு எரிச்சல் வந்தது. மறுபடி செய்யச் சொன்னேன். கறுத்தது. மற்றப் பிள்ளைகளையும் செய்யச் சொன்னேன். எல்லோருடையதும் கறுத்தது. ஜன்னலோரம் வரிசையாக நிற்கும்போது மைக்கடை மாதிரி இருந்தது.

ஒன்றை எடுத்துக்கொண்டு ஹெச்.எம். அறைக்குப் போனேன்.

"என்ன சார் இது, காபியா?"

"குழாய்த் தண்ணி மேடம்."

"சுவத்துல என்ன எழுதியிருக்கு?"

"நிறம் மாறாதுன்னு."

"அப்ப மாறாது. போய் நல்லா பாருங்க."

தூய்மைப் பள்ளிக் கேடயம் அந்த மாதம்தான் எங்களுக்கு அறிவித்திருந்தார்கள். பாவம், அந்த அம்மாவையும் குறை சொல்ல முடியாது. எனக்குத் தொண்டைக் கரகரப்பு உண்டு என்பதால் பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவருவேன். மறுநாள் காலை பிள்ளைகள் வருவதற்கு முன்னால் புதுப் பாட்டில்களில் அந்த நீரை ஆற்றி ஊற்றி, பழைய சீட்டுகளை உரித்து ஒட்டிவைத்தேன். பள்ளிக் குடிநீர் நிறம் மாறவில்லை. வகுப்பே கைதட்டியது, ஒருத்தியைத் தவிர.

அன்று வீட்டில் சாப்பிடும்போது ஆரம்பித்தாள்.

"மாமா, நான் சீட்டை நேரா ஒட்டியிருந்தேன். இப்பக் கோணலா இருக்கு."

"சாப்பிடுறப்ப என்னடி பாட்டில் பேச்சு?" என்றாள் அக்கா.

"மாமாகிட்ட கேளும்மா. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறாரு."

"மாமா பண்ணினா சரியாத்தான் இருக்கும். படிச்சவன்டி அவன்."

அக்கா அப்படிச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. வாலுவுக்குச் செய்முறையில் மதிப்பெண் குறைத்தேன். சொந்தக்காரப் பிள்ளை என்று சலுகை காட்டக் கூடாது அல்லவா?

ஆனால் ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. அவள் போய்த் தோழிகளிடம் சொல்ல, பிள்ளைகள் குழாய்ப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார்கள். விளையாடி முடித்து நாக்கு வறண்டு நிற்பார்கள், குடிக்க மாட்டார்கள். கேடயம் கொடுக்க அதிகாரிகள் வரும் நேரம். ஹெச்.எம். கையைப் பிசைந்தார். "சார், உங்க வீட்டுப் பிள்ளை கிளப்பிவிட்ட புரளி. நீங்கதான் ஏதாவது பண்ணணும்."

சந்தேகத்தை அறிவியல் முறைப்படி தீர்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். விழாவன்று மைதானத்தில் எல்லோரும் வரிசையாக நின்று ஆளுக்கொரு டம்ளர் குழாய்த் தண்ணீர் குடிப்பது. அதிகாரிகள் முன்னிலையில், ஒரே நேரத்தில். ஹெச்.எம். முதலில் குடித்தார், நம்பிக்கை ஊட்டுவதற்காக இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தார். உங்களுக்கு முன்னால் இந்த விசாரணைக்கு வந்திருக்க வேண்டிய அதிகாரி பிரமாதமான சுவை என்று மைக்கிலேயே சொன்னார். இப்போது அவருக்கு எப்படி இருக்கிறது?

வாலு மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மொத்தப் பள்ளியும் அவளைத்தான் பார்த்தது.

"வேணாம் மாமா, பயமா இருக்கு."

"இங்க மாமா இல்ல, சார். குடி."

"நீங்க குடிக்கலையே சார்?"

"எனக்குத் தொண்டை."

குடித்தாள். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிள்ளைக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கேடயத்தைப் புகைப்படத்துக்குப் பிடித்திருந்தவரே அதை, விழாப் பலகை எழுத வந்திருந்த பெயிண்டர் கையில் திணித்துவிட்டு ஓடினார். மறுநாள் பள்ளியில் மணி அடிக்கக்கூட ஆளில்லை. குடிநீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தவர்கள் பக்கத்துக் கழிவறைக் குழாய் உடைந்து உள்ளே கலக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் இடம் போதாமல் வராந்தாவில் பாய் விரித்தார்கள். எங்கள் பிள்ளைகள் அங்கேயும் வரிசை கலையாமல்தான் கழிவறைக்கு நின்றார்கள் என்று நர்ஸ் பாராட்டினார்.

வாலுவுக்குத்தான் கொஞ்சம் அதிகம். முதல் இரண்டு நாள் டாக்டர் அக்காவிடம் எதுவும் நிச்சயமாகச் சொல்லவில்லை. இப்போது பிழைத்துக்கொண்டாள், கஞ்சி குடிக்கிறாள். நான் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். மருந்து மயக்கமாக இருக்கும். அக்கா என் துணிமணியைப் பையில் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். அதுவும் கவலையில் செய்வதுதான்.

பிளாஸ்க்கைப் பற்றி இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். சரி. என் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. முதல் பாட்டில் கறுத்த அன்றே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. தண்ணீரைக் கொதிக்கவைத்து பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு வர ஆரம்பித்ததே அதற்கு மறுநாள் காலையிலிருந்துதான். வாலுவுக்கும் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தால் உனக்கு என்ன குறைந்துபோயிருக்கும் என்று அக்கா கேட்கிறாள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பிள்ளை வீட்டுத் தண்ணீர் கொண்டுவந்தால் நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள். அறிவியல் ஆசிரியர் வீட்டுப் பிள்ளையே குழாயில் குடித்தால்தான் மற்றவர்களுக்கு நம்பிக்கை வரும். தெரிந்தேதான் குடிக்கவைத்தேன், ஐயா. எல்லோரையும், அவளையும்.

கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், பேனாவைக் கொடுங்கள். ஒரே ஒரு சின்னத் திருத்தம். அன்று மைதானத்தில் நின்றவர்களில் நோய் வராத ஆள் நான் ஒருவன்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை பேர் படுத்த இடத்தில் ஒருவன் மட்டும் நின்றால் அது நம்பும்படியான முடிவில்லை. அந்த ஒன்றைச் சேர்க்காமல் விட்டுவிடுங்கள், உங்கள் அறிக்கை சுத்தமாக இருக்கும்.