விக்கிக்குப் பூட்டுப் போட்டவர்களே!

என் கோபம் தெரிந்தும் என் கையில் ஒலிவாங்கியைத் தந்த துணிச்சல் மிகுந்த தலைவர், நூலகர் அம்மையார் அவர்களே! பகடை உருட்டிப் பழுத்த பெரியோர்களே! "ஞாயித்துக்கிழமை ஆனா அந்த மேசையையே கட்டிக்கிட்டு அழு" என்று திட்டிக்கொண்டே எங்களை அனுப்பி வைக்கும் தாய்மார்களே! ஆட்டக் கழகத்தின் அருமைத் தோழர்களே! லேத் பட்டறையில் இரும்பு கடையும் இந்த எளியவனின் வணக்கம்!

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் ஆடுவது கதையாட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவோம். எது பலிக்கும், எது பலிக்காது என்பதைப் பகடை சொல்லும். நூலகத்தின் பின்னறையில் ஆறு ஆண்டுகளாக ஒரே கதை!

அந்த ஆறாண்டுக் கதையை அடைகாத்தவர் யார்? கதை நடத்திய பேராசிரியரா? போன வாரம் செத்த மன்னன் அவருக்கு இந்த வாரம் எழுந்து வருவான்! (சிரிக்காதீர்கள், முன்வரிசையில்தான் இருக்கிறார்.) அடைகாத்தவர் எங்கள் தையற்கார அக்கா! எந்த ஊர் எரிந்தது, எந்தப் பாலம் உடைந்தது, யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார் என்று ஊசி பிடித்த விரலால் பேனா பிடித்துப் பதினோரு நோட்டுகள் எழுதினார்.

சென்ற ஆண்டு எங்கள் கணினித் தோழர் சொன்னார்: "நோட்டு கிழிஞ்சு போயிடும்க்கா. இணையத்துல ஒரு விக்கி போட்டுடலாம். ஆளுக்கொரு பக்கம், ஊருக்கொரு பக்கம். நம்மில யாரு வேணா எழுதலாம், யாரு வேணா திருத்தலாம்." அக்கா பதினோரு நோட்டையும் பையில் போட்டுக் கொடுத்தார்.

விக்கி வந்தது. வண்ணம் வந்தது, வரைபடம் வந்தது. முகப்பில் என்ன வந்தது? "ஆக்கம்: பேராசிரியர், கணினித் தோழர்." அக்கா? இல்லை! அவர் ஆடிய படகுக்காரி, பெருவெள்ளத்தில் எங்கள் அத்தனை பேரையும் கரைசேர்த்தவள், அவளுக்கு ஒரே ஒரு வரி: "துணைப் பாத்திரம்."

"என்னப்பா, அக்கா பேர் எங்க?" என்று கணினித் தோழரைக் கேட்டேன்.

"அவங்க வெறும் நோட்ஸ்தானே எடுத்தாங்க? கதை சாரோடது, கட்டினது நான்" என்றார்.

வெறும் நோட்ஸா? வெந்தது என் நெஞ்சு! ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதானே! யாரும் திருத்தலாமே என்று திருத்தினேன். அழித்தார்கள். மீண்டும் எழுதினேன். மீண்டும் அழித்தார்கள். மூன்றாம் முறை போனால், அக்கா உட்பட எங்கள் எல்லோருக்கும் பூட்டு! "திருத்த உங்களுக்கு அனுமதி இல்லை." எழுதியவருக்கே எழுத அனுமதி இல்லையென்றால், அது விக்கியா, வேலியா?

அக்கா என்னைத்தான் அடக்கினார். "விடுப்பா, ஒரு பேருக்காகவா சண்டை? ஆட்டம் கெட்டுடும்." சொன்னாரே தவிர, அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. "தைக்கிற துணி நிறைய கெடக்கு" என்று சொல்லியனுப்பினார்.

அன்று மேசையில் மீதமிருந்த ஆட்டக்காரர்கள் நாங்கள் நால்வரும் பகடையை நடுமேசையில் வைத்துவிட்டுக் கைகட்டி அமர்ந்தோம்.

"ஆடுங்கப்பா" என்றார் பேராசிரியர்.

"பூட்டைத் திறங்க சார், ஆடுறோம்" என்றார் எங்களோடு ஆடும் செவிலித் தங்கை.

மூன்று ஞாயிறு உருளவில்லை பகடை! நான்காம் ஞாயிறு பேராசிரியரே தையற்கடைப் படியேறினார். "தப்பு எங்க பேர்லதாம்மா. நீங்களே வந்து திருத்துங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவரை மதிக்கிறேன். (தட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள்!)

பூட்டுத் திறந்தது. தன் பெயரைப் போடுவார் என்று காத்திருந்தோம். அக்கா தேடியதோ "துணைப் பாத்திரம்" என்ற சொல்லை! நாற்பத்தொரு பக்கங்களில் இருந்தது. சமையற்காரி, குதிரைக்காரன், கிணறு வெட்டியவன்... ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக அழித்தார். "இவங்க யாரும் துணைக்கு வந்தவங்க இல்லப்பா" என்றார்.

தலைகுனிந்து நின்ற கணினித் தோழர் முகப்பில் முதற்பெயராக அக்காவின் பெயரைத் தட்டினார், எழுத்துப் பிழையோடு! அக்கா அதையும் திருத்தினார்.

தோழர்களே, உழைத்த கையை ஒளித்துவைக்க இனி எவன் பூட்டோடு வந்தாலும், பகடையைக் கீழே வையுங்கள்! பொறுமையாகக் கேட்டீர்கள், என் கோபத்தையும் நன்றியையும் உங்களிடமே விட்டுச் செல்கிறேன். வணக்கம்!