அறுநூறாம் தலைமுறை

— பேந்து இந்த லாப் மேசையைத் துடைக்கிறன் எண்டு நான் சொல்லிச் சொல்லியே ஒரு கிழமை போச்சு, ஹர்ஷினி. அந்தத் தட்டுகளைக் கொஞ்சம் அரக்கி வையும் பிள்ளை.

— நானே தள்ளி வைக்கிறேன் அக்னெஸ் அக்கா. நீங்க தொட்டுடாதீங்க.

— முகம் வாடிப்போய்க் கிடக்கு. கீழை டெப்பனர் கடையிலை ஏதும் வாங்கிச் சாப்பிட்டனீரோ? உம்மட பூச்சியளுக்கு இன்னும் சுகமில்லையோ?

— பூச்சி இல்லக்கா, பாரமீசியம். ஒத்த செல்லு உயிர். அதெல்லாம் சரியாயிடுச்சு. மூணு நாளா தூங்காம எழுதி, காலைலதான் கட்டுரைய அனுப்பினோம். எழுந்து வீட்டுக்குப் போகக்கூடத் தெம்பில்ல.

— போன கிழமை சாகப்போகுது எண்டு அழுதீர்.

— ஒரே செல்லுலேர்ந்து வந்த வம்சம்க்கா. ஒன்றரை வருஷமா, ஞாயித்துக்கிழமைகூட லீவு போடாம, தினம் ஒண்ண மட்டும் எடுத்துப் புதுத் தண்ணிக்கு மாத்தறேன். அறுநூறு தலைமுறை தாண்டினா கிழடாயிடும். ரெண்டாப் பிரியாது, செத்துடும். இது மட்டும் திரும்ப இளசாயிடுச்சு. இப்படி யாருமே பார்த்ததில்லைன்னு புரொபசர் சொல்றார்.

— இதுகளை எங்கை வாங்கிறது?

— வாங்கவே வேணாம். குட்டை, தொட்டி, பாசி பிடிச்ச தண்ணி எல்லாத்துலயும் கிடக்கும். அதனாலதான் வெளித் தண்ணி ஒரு சொட்டு கலந்துடக் கூடாதுன்னு காய்ச்சிக் காய்ச்சி ஊத்தறேன்.

— அப்ப படிப்பு முடிஞ்சுது?

— முடிஞ்ச மாதிரிதான். விசாவும் முடியப் போவுது. இன்னொரு தடவை முதல்லேர்ந்துன்னா என்னால முடியாதுக்கா.

— மாதாவே. எனக்கும் மனம் ஆறுது. ஊரிலை இருக்கிற என்ரை அண்ணைக்கெண்டு வைச்சிருந்தது வீண்போகேல்லை.

— என்னது?

— பங்குச் சனத்தோடை பஸ்ஸிலை யாத்திரை போனனான் எல்லே? மாதா சிலை வைச்ச குகை, அந்தக் கெபியிலை தண்ணி பிடிச்சு வந்தனான். அண்ணை மன்னாரிலை படுத்த படுக்கை. சண்டையெண்டு பாதையையும் பூட்டிப்போட்டாங்கள், கொண்டுபோகவும் ஆளில்லை. நீர் இதிலை இருந்து அழ, எனக்குப் பார்க்கேலாமல் போச்சு. நீர் போன பிறகு ஒரு மூடி எடுத்து அந்தத் தட்டிலை விட்டனான்.

— குழாய்த் தண்ணியா அக்கா?

— சீ, குழாயோ. மாதாவின்ரை காலடியிலை ஒரு கல்லுத் தொட்டி. மழைத் தண்ணியும் ஊத்துத் தண்ணியும் அதுக்குள்ளைதான் நிக்கும்.

— அந்தத் தொட்டியில பாசி இருந்துச்சா?

— ஓம் பிள்ளை, நல்ல பச்சைப் பாசி. இன்னும் அரைப் போத்தில் கிடக்கு. நாளைக்கும் கொண்டுவரட்டோ?