பிரான்சுக்குத் தெரியணுமே

"உங்களாலதாங்க நான் உயிரோட இருக்கேன்னு பிரான்சுக்குத் தெரிஞ்சுது."

காரைக்காலில் புறப்பட்ட பூவம் பஸ்ஸில் ஓர் அம்மாள், எதிர்ப்பக்கச் சீட்டுக்காரரிடம் சொன்னார். அந்த மனிதர் அப்போதுதான் போனில், "ஆமாங்க, கோட்டுச்சேரி ஜெராக்ஸ் கடைதான்" என்று பேசி முடித்திருந்தார்.

"நான் என்னங்க செஞ்சேன்?"

"கோட்டுச்சேரி ஜெராக்ஸ் கடைன்னு போட்டு பிளாக் எழுதுறீங்கள்ல? எங்க வீட்டுக்காரர் பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தாரு; அந்தப் பென்ஷனுக்கு வருஷா வருஷம் உயிரோட இருக்கோம்னு பிரான்சுக்கு ஃபாரம் அனுப்பணும். நான் விட்டுட்டேன், பென்ஷன் நின்னுபோச்சு. 'பிரெஞ்சு பென்ஷன் நின்னுபோச்சு, என்ன செய்யறது'ன்னு போன்ல தேடுனேன். அப்படியே உங்க தலைப்பு!"

"கடையில கேக்குற கேள்வியையே தலைப்பா வச்சாத்தான் தேடுறவங்களுக்கு முதல்ல வரும்னு மச்சான் சொன்னாருங்க."

"ஃபாரம் பூரா பிரெஞ்சு. கட்டம் கட்டமா தமிழ்ல சொல்லியிருந்தீங்க. நானே நிரப்பி, அதிகாரிகிட்ட கையெழுத்து வாங்கி அனுப்பிட்டேன். பென்ஷன் வந்துடுச்சு. நல்லா இருக்கணும் நீங்க."

"கடைக்கு ஆள் வரட்டும்னு எழுதுனேங்க. படிச்சிட்டு நீங்க வரவே இல்லையே!" சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

கோட்டுச்சேரி வந்தது. கடைக்காரர் எழுந்தார். அம்மாள் சொன்னார்:

"அடுத்த வருஷம் கட்டாயம் கடைக்கு வர்றேங்க."

"எதுக்குங்க? எல்லாம் பிளாக்லயே இருக்கே."

"உயிரோட இருக்கேன்னு உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"