ஷட்டருக்கு உள்ளே இருந்து

– ...இல்லம்மா, தைக்கக் குடுக்க வரலை. வேற விஷயமா வந்தேன்.

– அப்ப நீங்க அந்த மஞ்சச் சட்டைக் கூட்டத்துல ஒருத்தரு.

– இன்னைக்கு அந்தச் சட்டை போட்டுட்டு வரலையே.

– முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு. குனிஞ்சு வாங்க. ஷட்டர் பாதிக்கு மேல ஏறாது. தலையை இடிச்சுக்காதீங்க, அப்புறம் அதுக்கும் நாங்கதான் பதில் சொல்லணும்.

– நான் வரிசையா சொல்லிடுறேன். ஒண்ணு, நான் யாரு. ரெண்டு, எதுக்கு வந்திருக்கேன். மூணு...

– நீங்க ஏதாவது ஆபீஸ்ல வேலை பாக்குறீங்களா?

– ஆமா. வர்ற கடுதாசிக்கெல்லாம் பதில் எழுதுற பிரிவு. இருபத்தாறு வருஷமாச்சு.

– அதான் பாத்தேன். உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், அது அப்பாவோடது. இதுல உக்காருங்க. ஊசி கிடக்கும், தட்டிட்டு உக்காருங்க.

– அப்பா எப்படிம்மா இருக்காரு?

– ஆஸ்பத்திரியில இருக்காரு. உயிருக்கு ஒண்ணும் இல்லைன்னு நேத்துதான் டாக்டர் வாயைத் திறந்து சொன்னாரு. பேசினா மூச்சு இளைக்குது. அதனால பேப்பர்ல எழுதிக் காட்டுறாரு. உங்களை மாதிரியே அவரும் கடுதாசிதான் இப்போ.

– நான் முறைப்படி ஒரு கடிதம் எழுதிட்டு வந்திருக்கேன். மன்னிப்புக் கடிதம். நாப்பத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம். படிக்கலாமா?

– என்கிட்ட குடுத்தா நானே படிச்சுக்க மாட்டேனா? நம்ம எழுத்து எனக்கும் தெரியும்.

– வாயால படிச்சாத்தான் முறை.

– சரி, படிங்க. நான் இந்த மடிப்பை முடிக்கிறேன். கை சும்மா இருந்தா எனக்குக் கோவம் வரும்.

– "ஐயா, வணக்கம். பன்னாட்டுக் கால்பந்துப் போட்டியைக் காண வந்த ரசிகர் மன்றத்தினராகிய நாங்கள், கடந்த செவ்வாய்க்கிழமை மாலை, எங்கள் அணி தோற்ற வருத்தத்தில் தங்கள் தெரு வழியாகப் பாடிக்கொண்டு வந்தோம். பத்தி ஒன்று..."

– பத்தி ஒண்ணுன்னு எழுதியே வச்சிருக்கீங்களா?

– பழக்கம். "பத்தி ஒன்று: வரும் வழியில் தங்கள் கடையின் ஷட்டரைக் கைகளால் அடித்துத் தாளமிட்டது எங்கள் குற்றம். பத்தி இரண்டு: அதனால் ஷட்டரின் பட்டைகள் தடத்தை விட்டு விலகித் திறக்க முடியாமல் போனதும் எங்கள் குற்றமே. பத்தி மூன்று: உள்ளிருந்து வந்த தட்டொலியை, எங்கள் தாளத்துக்குத் தாங்கள் தந்த பதில் என்றே எண்ணி மகிழ்ந்தோம். தாங்கள் மூச்சுத் திணறி உதவி கேட்கிறீர்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது..." என்னம்மா?

– நூல் அறுந்துடுச்சு. நீங்க படிங்க. இல்ல, நில்லுங்க. அதென்ன தாளத்துக்குப் பதில்?

– அது எங்க கூட்டத்து வழக்கம்மா. நான் டமாரத்துல மூணு அடிப்பேன். எல்லாரும் பதிலுக்கு மூணு கைதட்டுவாங்க. எதிர் அணி ஆளுங்களா இருந்தாக்கூட திருப்பித் தட்டினா, அவங்க நம்ம ஆளுங்க. அன்னைக்கு டமாரத்தைக் கேலரியில விட்டுட்டு வந்துட்டோம். அதனால ஷட்டரு.

– அப்ப அடிச்சது நீங்க.

– எல்லாரும்தான் அடிச்சாங்க. எடுத்துக் குடுத்தது நான். என்னை டமாரம்னுதான் கூப்பிடுவாங்க.

– அந்த வீடியோவுல, முன்னாடி நின்னு ரெண்டு கையாலயும் போட்டு வெளுக்குற ஆளு?

– நான்தான்.

– ஒரு இடத்துல பேய் பிடிச்ச மாதிரி அடிக்கிறீங்க. எல்லாரும் விசிலடிக்கிறாங்க. அந்த இடத்தைத்தான் எல்லா போன்லயும் திரும்பத் திரும்பப் போடுறாங்க. பக்கத்துக் கடைக்காரரு என்கிட்டயே காட்டுறாரு, "பாரு உன் பாஷைக்காரங்க"ன்னு. எனக்கு எங்க ஒளிஞ்சுக்குறதுன்னு தெரியலை.

– தலை குனிஞ்சுதான்மா வந்திருக்கேன்.

– ஷட்டரே குனியவச்சுடுச்சு. சரி, அந்தச் சுவத்தைப் பாருங்க. அளவு நாடா தொங்குதே, அதுக்குப் பக்கத்துல.

– இது... எங்க போட்டோ!

– பேப்பர்ல வந்ததை வெட்டி ஒட்டினவரு எங்கப்பா. மேட்ச் முடிஞ்சு நீங்க எல்லாரும் பை வச்சுக்கிட்டு குப்பை பொறுக்குறீங்க. "வந்த விருந்தாளிகளே கேலரியைக் கூட்டிட்டுப் போறாங்க"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான். அளவெடுக்க வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டினாரு. இந்த ஊர்ல கடை போட்டு முப்பது வருஷமாச்சு. நம்ம பாஷை பேசுற ஆளு மாசத்துக்கு ஒருத்தர் வந்தா அதிசயம். நாப்பத்திரண்டு பேரு நல்ல பேரோட வந்திருக்காங்கன்னா மனுஷனுக்குத் தலை கால் புரியலை.

– அன்னைக்கும் பொறுக்கிட்டுத்தான்மா வந்தோம். தோத்தாலும் பொறுக்கணும்ங்கிறது எங்க விதி.

– தெரியும். உங்களைப் பாக்கத்தான் அவரு வாசல்ல நின்னாரு.

– அய்யய்யோ.

– பாட்டு கேக்குது, நம்ம பாட்டு. சிரிச்சுக்கிட்டே நின்னிருக்காரு. கிட்ட வந்ததும் முன்னாடி வந்தவன் பூத்தொட்டியை எட்டி உதைச்சான். அதைப் பாத்ததும் பயந்துபோயி உள்ளே போய் ஷட்டரை இழுத்துட்டாரு. அடுத்த நிமிஷம் இடி இடின்னு விழுது. அவருக்கு ஏற்கெனவே இளைப்பு. மருந்து என் பையில, நான் பட்டன் வாங்கப் போயிருந்தேன். கடைக்கு இருக்குற ஒரே போனும் என் கையில. தூக்கிப் பாக்குறாரு, ஷட்டர் அசையலை. கத்த மூச்சு இல்லை. வேற என்ன செய்வாரு? தட்டினாரு.

– நாங்க போனப்புறம்?

– முக்கால் மணி நேரம். நான் வந்து பாத்தப்போ உள்ள சத்தமே இல்லை. இரும்புக் கடைக்காரரு கடப்பாறை போட்டுத்தான் இந்த அளவுக்குத் தூக்கினாரு.

– தங்கச்சி, உள்ளே வரலாமா? அடடா, எவ்வளவு தாழ்வா இருக்கு! யோவ் டமாரம், முடிச்சியா இல்லையா? பஸ்ஸு என்ஜினை ஓடவிட்டுக்கிட்டு நிக்குது.

– இவரு எங்க மன்றத் தலைவரும்மா. தலைவரே, இன்னும் படிச்சு முடிக்கலை.

– உனக்கு எதையும் நாலு பத்திக்குக் குறைச்சுச் சொல்ல வராதே! அதாவது தங்கச்சி, விஷயம் சின்னது. போட்டி நடத்துறவங்க எங்க டிக்கெட்டை எல்லாம் வாங்கி வச்சுக்கிட்டாங்க. கடைக்காரங்க "புகார் இல்லை"ன்னு எழுத்துல குடுத்தா சனிக்கிழமை மேட்சுக்கு விடுவாங்களாம். இல்லைன்னா மூட்டை கட்டிக்கிட்டுப் போகவேண்டியதுதான். ஊரே எங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்கு. காட்டுமிராண்டிங்கன்னு பேரு வாங்கிட்டு எந்த மூஞ்சியோட போறது? கடைசிப் பக்கத்துல உங்களுக்கு இடம் விட்டிருக்கு. ஒரே ஒரு கையெழுத்து.

– அப்ப மன்னிப்புக்காக வரலை. கையெழுத்துக்காக வந்திருக்கீங்க.

– ரெண்டும்தான் தங்கச்சி. புது ஷட்டருக்கும் சொல்லியாச்சு. அதாவது, தெரியாம நடந்ததுக்கு நாப்பத்திரண்டு பேரைத் தண்டிக்கலாமா?

– தெரியாமத்தானே?

– சத்தியமா. யாருக்குத் தெரியும், உள்ள ஒரு மனுஷன் இப்படி இருக்காருன்னு? திருப்பித் தட்டுறாரு, நம்ம ஆளுன்னு விசிலடிச்சோம். டமாரம், சொல்லேன்யா.

– சொல்றேன்.

– அண்ணே, நீங்க அடிச்சதை இந்த வெட்டுற மேசையில அடிச்சுக் காட்டுங்க. நான் ஒரு தடவை நேர்ல கேக்கணும்.

– வேணாம்மா.

– அடிங்க, சும்மா. ம். மூணு. இதுக்குக் கைதட்டு மூணு, சரியா? இப்ப எங்கப்பா தட்டினதை நான் தட்டுறேன். ஆஸ்பத்திரிக் கட்டில் விளிம்புல தட்டிக் காட்டினாரு. இப்படி... அப்புறம் இப்படி. நடுவுல மூச்சு வாங்க நிறுத்தியிருக்காரு. அப்புறம் விடாம.

– போதும்மா.

– இதைத்தான் தாளம்னு நினைச்சீங்களா?

– தங்கச்சி, அந்தக் கூச்சல்ல என்ன தெரியும்? நான் அவன் பக்கத்துலயே நின்னேன், எனக்கே சரியா கேக்கலை.

– சரி விடுங்க. நானா இருந்தா கையெழுத்துப் போடமாட்டேன். நேத்து ராத்திரி பூரா அப்படித்தான் நினைச்சேன். காலையில அப்பா இந்தச் சீட்டை எழுதிக் குடுத்தாரு. யாராவது வருவாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. படிக்கிறேன், நீங்கதான் வாயால படிக்கணும்ங்கிற ஆளாச்சே. "வந்தால் திட்டாதே. குப்பையைக்கூடக் கீழே விட்டுப் போகாத பிள்ளைகள். நான் தட்டியது காதில் விழுந்திருந்தால் நின்றிருப்பார்கள். அவர்களுக்குக் கேட்கவில்லை. பாவம், கேட்டதை எழுதிக் கொடு."

– பெரிய மனசு! அதாவது, இவரு மாதிரி ஒருத்தரு...

– நீங்க கொஞ்சம் பேசாம இருங்க தலைவரே.

– என்னய்யா, என்கிட்டயே எகிர்றே?

– பேனா குடுங்கண்ணே. எங்க போடணும்? மூணாம் பத்திக்குக் கீழயா, கடைசியிலயா?

– தங்கச்சி, இங்க, இந்தக் கோட்டு மேல. டமாரம், கடுதாசியை விடுய்யா. அவங்க எழுதப் போறாங்க, நீ ஏன் இழுக்குறே?

– போடாதீங்கம்மா.

– ஏண்ணே?

– மூணாம் பத்தி தப்பு.

– இத்தனை வருஷம் கடுதாசி எழுதினவருக்கு எழுத்துப் பிழையா? பரவாயில்லை, திருத்திக்கலாம்.

– திருத்த முடியாதும்மா. ஒருத்தருக்கும் தெரியாதுன்னு எழுதினேன். தாளம் போடுறவனுக்கு, எது தாளம், எது தாளம் இல்லைன்னு தெரியாதா?

– டமாரம்! பஸ்ல நாப்பது பேரு உக்காந்திருக்காங்கய்யா. வாயை மூடு.

– அப்பாகிட்ட சொல்லிடுங்கம்மா, எனக்குக் கேட்டுச்சு. ரெண்டாவது தட்டுலயே தெரிஞ்சுடுச்சு, இது பயந்த கைன்னு. சுத்தி பத்துப் பேரு போனைத் தூக்கிப் பிடிச்சுப் படம் எடுத்துக்கிட்டிருந்தாங்க. குப்பை பொறுக்கி வாங்கின பேரு அந்தத் தட்டு ஒண்ணுல போயிடும், அந்தச் சத்தம் எந்தப் போன்லயும் பதிவாயிடக் கூடாதுன்னுதான், நான் அவ்வளவு பலமா அடிச்சேன்.