அந்த மூன்று லாட்டுகளின் வாடை குறித்து

மேடம், கோத்தகிரியில் ஐப்பசி மாதம் துணி காயாது. இதை ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். நீங்கள் கோயமுத்தூரிலிருந்து மாதம் இரண்டு தடவை வந்துபோகிறவர்கள், உங்களுக்கு இது தெரிய நியாயமில்லை. இங்கே காலையில் கொடியில் போட்ட பனியனை மறுநாள் சாயங்காலம் எடுத்தால், போட்டபோது இருந்ததைவிடக் கனமாக இருக்கும்.

நான் சில்வஸ்டர். உங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக வாட்டும் பகுதிக்கு சூப்பர்வைசர். இந்தக் கடிதம் ஒருவேளை வக்கீல் கைக்குப் போகலாம் என்பதால் அவருக்காக ஒரு வார்த்தை: பறித்து வந்த பச்சைக் கொழுந்தை நீளமான தொட்டிகளில் கம்பி வலைமேல் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் வெதுவெதுப்பான காற்றை விடுவோம். பதினான்கு மணி நேரத்தில் கொழுந்து ஈரம் போய்த் துவளும். அதன் பிறகுதான் அரைப்பது, புளிக்கவிடுவது, வறுப்பது எல்லாம். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். அதனால் பூ, பவுடர், சென்ட், கருவாடு, தைலம் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று வாசலில் ஒரு போர்டு இருக்கிறது. அந்தப் போர்டை எழுதியவன் நான். கெஸியா என்ற பெண் கல்யாணமாகி வந்த புதிதில் மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டு வந்தபோது, மூன்று நாள் மூன்று தடவை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். கண்டிப்பில் என்னைக் குறை சொல்ல முடியாது.

எனக்கு நாற்பத்தாறு வயது. போன வருடம் சர்க்கரை எட்டிப் பார்த்தது. நடக்கப் போங்கள் என்று என் மனைவி பிலோமி விரட்டினாள். நடந்தேன், மழை பிடித்துக்கொண்டது, ஒதுங்கினேன். ஒதுங்கிய இடம் ஒரு ஹார்டுவேர் கடை. அதன் மாடியில் தடதடவென்று சத்தம் கேட்டது. ஏறிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு பேர் வெள்ளை உடையில் ஒருவர்மேல் ஒருவர் புரண்டுகொண்டிருந்தார்கள். பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்றார்கள். அடி உதை கிடையாது. பிடித்து, உருட்டி, மேலே உட்கார்ந்து மூச்சு வாங்க வைப்பதுதான். சொல்லிக்கொடுத்தவர் பந்தலூர்ப் பக்கத்து சுபின். கொச்சியில் படித்துவிட்டு வந்தவர். மழை நிற்கும்வரை உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் செருப்பைக் கழற்றினேன்.

முதல் மூன்று மாதம் எல்லோரும் என்மேல் உட்கார்ந்தார்கள். முக்கியமாக ஜெகதீசன். கேரட் கழுவும் மெஷின் வைத்திருப்பவர், தொண்ணூற்றெட்டு கிலோ, தங்கமான மனிதர். என் நெஞ்சின்மேல் குறுக்கே படுத்துக்கொண்டு, "ஏனுங்க சில்வஸ்டர், மூச்சு வருதுங்களா" என்று மரியாதையாக விசாரிப்பார். வருகிறது என்று சொல்லவும் மூச்சு இருக்காது.

மல்லாந்து கிடப்பவன் தோற்றவன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்றார் சுபின். கீழே படுத்தபடியே மேலே இருப்பவரைக் கால்களால் கட்டுப்படுத்தலாம், அதற்குக் கார்ட் என்று பெயர். எதிராளியின் இடுப்பைச் சுற்றிக் கால்களைப் போட்டுக் கணுக்காலைக் கோத்துக்கொண்டால் அது மூடிய கார்ட். என் கால்கள் குட்டை. ஜெகதீசனின் இடுப்பைச் சுற்றினால் கணுக்கால்கள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. சுபின் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, உங்களுக்கு ஓப்பன் கார்ட்தான் சரி என்றார்.

அதற்குள் நுழைவது இப்படி. எதிராளியின் இரண்டு சட்டைக்கையையும் நுனியில் கொத்தாகப் பிடிக்க வேண்டும். ஒரு பாதத்தை அவர் இடுப்பெலும்பில் ஊன்றி, அந்த ஊன்றலில் நம் இடுப்பைப் பக்கவாட்டில் வெளியே இழுத்துக்கொள்ள வேண்டும். முதுகு தட்டையாகத் தரையில் ஒட்டக்கூடாது. மற்றப் பாதம் அவருடைய புஜத்தில். அவ்வளவுதான். அவரால் கிட்டே வர முடியாது, விட்டுப் போகவும் முடியாது. நுழைந்துவிடலாம் மேடம், அதில் நிலைப்பதுதான் கஷ்டம். அவர் ஒரு காலைத் தட்டிவிடுவார், உடனே முழங்காலை உள்ளே கொண்டுவந்து மறுபடி ஊன்ற வேண்டும். இடது பக்கம் ஓடுவார், நாமும் இடுப்பைத் திருப்பி அவருக்கு முகம் காட்ட வேண்டும். "கை ஒண்ணு போனாலும் பரவால்ல சேட்டா, கால விட்டுடாதீங்க. காலுதான் வேலி" என்பார் சுபின்.

முதல் தடவை ஏழு விநாடி தாங்கினேன். அடுத்த வாரம் இருபது. ஒரு மாதத்தில் ஒரு நிமிடம். ஜெகதீசன் என் பாதங்களுக்கு அந்தப் பக்கம் வியர்த்து நின்றுகொண்டு, "என்னங்க இது, உள்ள வர உடமாட்டீங்குறீங்க" என்றார். பத்தொன்பது வருடத்தில் என்னை யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று நடந்து வீட்டுக்குப் போனபோது எனக்கு அழுகை வந்தது. டிசம்பரில் பரீட்சை வைப்பேன், ஜெகதீசனை மூன்று நிமிடம் தடுத்து வைத்தால் பெல்ட்டின் முனையில் ஒரு பட்டை ஒட்டுவேன் என்றார் சுபின். பட்டை என்றால் ஒரு விரல் அகலத்தில் ஒரு துண்டு வெள்ளை டேப். எனக்கு அது வேண்டும் மேடம். அதுவரை எதுவும் அப்படி வேண்டியிருந்ததில்லை.

இந்த நேரத்தில்தான் ஐப்பசி பிறந்தது.

அந்த உடைக்கு கீ என்று பெயர். ஜமுக்காளம் மாதிரித் தடித்த பருத்தி. ஈரமான கீயோடு மெத்தைமேல் ஏறினால் எல்லோருக்கும் படர்தாமரை வரும், வெளியே உட்காருங்கள் என்பது சுபினின் சட்டம். வகுப்பு வாரத்துக்கு மூன்று நாள். என் கீ காய எட்டு நாள். இன்னொன்று வாங்கலாமே என்பீர்கள். வாங்கினேன். ஈர உடை இரண்டாயிற்று. இரண்டு வாரம் பெஞ்சில் உட்கார்ந்து, வேறு ஆட்கள் ஜெகதீசனைத் தடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேதனையை உங்களுக்கு விளக்கத் தெரியவில்லை.

என் பொறுப்பிலோ பதினெட்டுத் தொட்டிகள் நாள் முழுக்கக் காற்று ஊதிக்கொண்டிருந்தன.

முதலில் துவைத்த கீயைத் தொட்டியின் ஓரக் கம்பியில்தான் போட்டேன். கொழுந்துக்கும் அதற்கும் ஓரடி தூரம் இருந்தது. ஓரத்தில் காற்று குறைவு, தோள்பட்டை காயவில்லை. ஆகவே வலைமேல் போட்டேன். வலைமேல் போட்டால் கம்பித் தடம் விழுகிறது, அதனால் அடியில் கொழுந்து கொஞ்சம் பரப்பிக்கொண்டேன். கொழுந்துமேல் விரித்த துணி ரொம்ப அழகாகக் காய்கிறது மேடம், இது எங்கள் துறையில் யாரும் கவனிக்காத விஷயம். பிறகு ஒரு கணக்குப் போட்டேன். துவைத்த கீ காய ஒன்பது மணி நேரம், வியர்த்த கீ காய நான்கு மணி நேரம். துவைப்பதை நிறுத்திவிட்டேன்.

அந்த நாட்களில் எனக்குக் கழுத்தும் முழங்காலும் வலித்தன. பிலோமி காலை மாலை இரண்டு வேளையும் நீலகிரித் தைலம் போட்டுத் தேய்த்து விடுவாள். தாராளமான கை. அந்தத் தைலமும் கீயில்தான் இறங்கியது. எதுவானாலும் கடைசியில் தேயிலை நல்ல சூட்டில் வறுபடுகிறது, கிருமி எதுவும் பிழைக்காது. அதை யோசிக்காமல் நான் எதையும் செய்யவில்லை.

அந்தத் தொட்டியில் கொழுந்து திருப்பிப் போடுகிறவர் சின்னம்மை. சின்ன வயதில் தாய் தகப்பனோடு இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். ஐம்பத்திரண்டு வயது, புருஷன் இல்லை, இந்த வேலைதான் எல்லாம். இது என்ன சார் என்று முதல் நாளே கேட்டார். ஈரத்தை இழுக்கிற துணி, அரை மணிக்கு ஒரு தடவை இதையும் திருப்பிப் போடுங்கள் அக்கா என்றேன். பதினெட்டு நாள், அரை மணிக்கு ஒரு தடவை, காலரைக்கூட நீவிவிட்டுத் திருப்பிப் போட்டார்.

குன்னூரில் ஏலத்துக்கு முன் ருசி பார்ப்பவர் மூன்று லாட்டுகளை, அதாவது மூன்று தொகுதித் தேயிலையை, திருப்பி அனுப்பினார். தைல வாடை, அதற்குப் பின்னால் அடையாளம் தெரியாத இன்னொன்று என்று எழுதியிருந்தார். நீங்கள் கோபப்பட்டீர்கள். என் பகுதி என்பதால் விசாரிக்கும் பொறுப்பை என்னிடமே கொடுத்தீர்கள். இதில் உங்கள் பங்கும் கொஞ்சம் இருக்கிறது என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

எல்லோருடைய பைகளையும் சோதித்தேன். சின்னம்மையின் சுருக்குப் பையில் கட்டைவிரல் அளவு தைலப் புட்டி இருந்தது. இந்த மலையில் தைலப் புட்டி இல்லாத மடி ஏது. ஆனாலும் போர்டு போர்டுதானே. ஆபீஸ் அறையில் நீங்கள் உட்கார்ந்திருக்க, நான் கேட்டேன், அவர் பதில் சொன்னார்.

"வெச்சிருந்தேன் சார். தலபாரத்துக்கு நெத்தியில போடுறது. கொழுந்துல எதுக்குப் போடுறேன்?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, காத்திருக்கிற மாதிரி. "தொட்டியில என்ன கெடந்துச்சின்னு ஒங்களுக்குத் தெரியுமே. நீங்களே சொல்லுங்க சார்."

அந்த இடத்தில் எனக்குப் பயிற்சி கைகொடுத்தது. இடது பக்கமாக வருகிறார் என்றால் இடுப்பைத் திருப்ப வேண்டும். "உள்ள தைலம் கொண்டுவரக் கூடாதுங்கறது போர்டுல இருக்குதா இல்லீங்களா?" என்று கேட்டேன். இருக்கிறது என்றார். தெரிந்துதான் கொண்டு வந்தீர்களா என்றேன். தெரியும் என்றார். சுருக்குப் பையை மடியில் செருகிக்கொண்டார். நான் சொல்வேன் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தார் போல. வாசல்வரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் அவரை வேலையிலிருந்து நீக்கும் ரிப்போர்ட்டை எழுதிக்கொண்டிருந்தேன். உங்கள் கையெழுத்துக்கு மேலே என் கையெழுத்து இருக்கும்.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு பரீட்சை. நுழைந்தேன், பிடித்தேன், ஊன்றினேன். ஜெகதீசன் இடமும் வலமும் மூன்று நிமிடமும் போராடினார். ஒரு தடவை வலக்கால் நழுவியது, முழங்காலைக் கொண்டுவந்து மீட்டேன். சுபின் டேப் ஒட்டியபோது எல்லோரும் கை தட்டினார்கள். சின்னம்மையை அன்று நினைத்தாயா என்று நீங்கள் கேட்கலாம். நினைத்தேன். கீ இரண்டு பக்கமும் ஒரே சீராகக் காய்ந்திருந்த காலம் ஞாபகம் வந்தது. லாட்டுகள் திரும்பி வந்ததிலிருந்து கீயை வீட்டு அடுப்புக்கு மேலே பிலோமிதான் காய வைக்கிறாள், அவளுக்கு அந்தக் கைப்பக்குவம் இல்லை.

சின்னம்மை ஜெகதீசனின் மெஷினில் கேரட் கழுவப் போயிருந்தார். விடியற்காலைப் பனியில், ஐஸ் மாதிரித் தண்ணீரில். அவருக்குக் கையெல்லாம் வெடிப்பு, ஆனாலும் வேலையில் குறை வைக்காதவர் என்று ஜெகதீசன் வகுப்பில் சொன்னார். கேட்டுக்கொண்டேன். பதினோரு வாரம் இப்படிப் போனது. எனக்குச் சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது, சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தது.

போன வாரம்தான் நிலைமை மாறியது. திரும்பி வந்த அந்த மூன்று லாட்டுகளையும் வடக்கே ஒரு வியாபாரிக்குத் தள்ளிவிட்டீர்கள். அவர் இப்போது அதே தேயிலை இன்னும் வேண்டும், மலைக்காட்டு வாசனை என்று ஜனங்கள் தேடி வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். நீங்கள் காரை அனுப்பிச் சின்னம்மையைக் கூட்டிவந்தீர்கள். சூப்பர்வைசர் ஆக்கினீர்கள். என் நாற்காலிக்குப் பக்கத்தில் அவருக்கு நாற்காலி. பாக்கெட்டில் போட அவரைக் கூடையோடு படம் எடுத்து, "சின்னம்மை ஸ்பெஷல்" என்று பெயரும் வைத்துவிட்டீர்கள்.

அவர் உங்களிடம் உண்மையைச் சொல்லத்தான் செய்தார். "நான் ஒண்ணும் செய்யலன்னு மேடம்கிட்ட மூணு வாட்டி சொல்லிட்டேன் சார். அடக்கம்ங்கிறாங்க" என்று என்னிடமே வந்து சொன்னார். துணியைப் பற்றி மட்டும் அப்போதும் பேசவில்லை. அது நான் சொல்ல வேண்டியது என்று விட்டுவைத்திருக்கிறாராம். நீங்கள் தைலத்தைப் புட்டி புட்டியாகத் தெளித்துப் பார்க்கிறீர்கள். வாசனை முன்னால் சரியாக இருக்கிறது, பின்னால் ஏதோ குறைகிறது என்று குன்னூரிலிருந்து பதில் வருகிறது.

குறைவது என்ன என்று இந்த மலையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். அந்த வாசனை என்னுடையது. பதினெட்டு நாள் என் கழுத்தும் முதுகும் பாடுபட்டுச் சம்பாதித்தது. சின்னம்மை நல்லவர், உழைப்பாளி, அவரைத் திரும்பவும் வேலையிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை, பழையபடி கொழுந்து திருப்பட்டும். ஆனால் ஒருவர் செய்யாத ஒன்றை அவர் செய்ததாகச் சொல்லி, அதைப் பாக்கெட்டில் அச்சடித்து ஊரெல்லாம் அனுப்புவது சரியா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நான்கு நாளாக எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. கண்ணெதிரே ஓர் அநியாயம் நடக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என் பிறவியிலேயே கிடையாது, மேடம்.